கலைச்சொல்: ‘பாயின்ட் டிஸ்டன்ஸ்’ வெறும் ‘தூரம்’ ஆகுமா?

குழுவினருக்கு வணக்கம்.

நியோ4ஜே என்ற வரைபுத் தரவுத்தளத்தின் சைஃபர் வினவல் மொழியில் உள்ள இடஞ்சார் சார்புகளுக்கு (functions) தமிழில் பெயர் வைக்கும்போது ‘பாயின்ட்’ புள்ளியாவதில் எவருக்கும் சிக்கல் இல்லை. ‘பாயின்ட் டிஸ்டன்ஸ்’தான் இழுபடுகிறது. ‘தூரம்’ என்று எழுதி முடித்துவிடலாம் என்ற அண்ணரின் யோசனைக்கு நான் உடன்படவில்லை.

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் ஊர்காவற்றுறையையும் காரைநகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒடுங்கிய கடல் மட்டுமே. வீதியால் போவதென்றால் பொன்னாலைப் பாலம் கடந்து, யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணையால் சுற்ற வேண்டும். இந்தச் சார்புக்கு வீதியும் தெரியாது, கடலும் தெரியாது. இரு ஆள்கூறுகளுக்கு இடைப்பட்டதை மீற்றரில் சொல்லிவிடும். சந்திகளைக் கணுக்களாகவும் வீதித்துண்டுகளை உறவுகளாகவும் வைத்து, உறவுகளின் நீளங்களைக் கூட்டினால் கிடைப்பது வேறொன்று. இரண்டையும் ‘தூரம்’ என்றால் வினவல் எழுதுபவர் குழம்புவார். உயர்தரப் பௌதிகவியல் படித்தவருக்குத் தூரம் என்பது சென்ற வழியின் நீளமே. நேர்கோட்டு அளவு இடப்பெயர்ச்சியின் பருமன். ஆனால் 1995இல் மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்ததைக் கண்ட ஊரில் அந்தச் சொல்லை இதற்கு இழுக்க எனக்கு மனமில்லை.

என் முன்மொழிவு: சார்புக்கு ‘நேர்த்தூரம்’, கூட்டுத்தொகைக்கு ‘வழித்தூரம்’. ‘பாதைத்தூரம்’ வேண்டாம்; ஊர்காவற்றுறையில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடல் கடக்கும் மிதவை!

—

தம்பிக்கு,

‘வழித்தூரம்’ நன்று. ‘நேர்’ இடிக்கிறது. 7203 என்ற குறியீட்டெண் கொண்ட ஆள்கூற்று முறைமையில், அதாவது x, y அச்சுகள் கொண்ட தெக்காட்டுத் தளத்தில், பைதகரஸ் தேற்றப்படி வருவது நேர்கோடுதான். 4326இல், அதாவது அகலாங்கும் நெட்டாங்கும் கொடுக்கும் முறைமையில், பூமியைக் கோளமாகக் கொண்டு வில்லின் நீளத்தையே கணிக்கிறார்கள். ஒரு புள்ளி 4326இலும் மற்றது 7203இலும் இருந்தால் விடையே வராது, வெற்று மதிப்புத்தான். வில்லுக்கும் கோட்டுக்கும் பொதுவாக ‘புள்ளித்தூரம்’ என்போமே. ஐந்தாம் பதிப்பில் தனி ‘டிஸ்டன்ஸ்’ சார்பை நீக்கிவிட்டு, ‘பாயின்ட்’ முன்னொட்டுடன் இருப்பதை மட்டும்தான் வைத்திருக்கிறார்கள்.

—

ஐயா, ‘புள்ளித்தூரம்’ எனக்குச் சம்மதம். வில்லை நான் யோசிக்கவேயில்லை. அடுத்தது ‘பவுண்டிங் பொக்ஸ்’: கீழ் இடது மூலையும் மேல் வலது மூலையும் கொடுத்து, புள்ளி உள்ளே விழுகிறதா என்று கேட்பது. ‘எல்லைப் பெட்டி’யைவிட ‘எல்லைச் செவ்வகம்’ என்று பதியட்டுமா?