வைட்டமின் சி டிரிப்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, பெருங்குடல் புற்றுநோய். கட்டியில் கே.ஆர்.ஏ.எஸ் மரபணு மாறியிருப்பதால் செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கீமோ மட்டும் போகிறது.

வைட்டமின் சி டிரிப் போட்டால் மருந்துக்கு அடங்காத செல்லும் அடங்கும் என்கிறார் சித்தப்பா. தேடிப் பார்த்தேன். 2015-இல் அமெரிக்காவில் லூயிஸ் கேன்ட்லி குழு இதே மாற்றமுள்ள செல்களை அதிக அளவு வைட்டமின் சி கொல்வதைக் காட்டியது உண்மைதான். ஆனால் அது ஆய்வகத் தட்டிலும் எலியிலும். மாத்திரையாக விழுங்கினால் அந்த அளவு ரத்தத்தில் ஏறவே ஏறாது. மிச்சம் சிறுநீரில் போய்விடும். சித்தப்பா வாங்கி வந்த ஆரஞ்சு மாத்திரையை அம்மா மிட்டாய் மாதிரி நாளைக்கு நாலு சப்புகிறார், அது வேறு கதை!

கீமோவோடு இந்த டிரிப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் புற்றுநோய் டாக்டர் ஒப்புக்கொண்டாரா? ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு இருந்தால் ரத்த சிவப்பணு உடையுமாமே, முன்கூட்டியே டெஸ்ட் எடுத்தார்களா? அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. டிரிப்புக்குப் பிறகு விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் அளவைக் கூட்டிக் காட்டும் என்கிறார்கள். அப்போது இன்சுலினை எப்படிச் சமாளித்தீர்கள்?

வியாழக்கிழமை அடுத்த கீமோ. அதற்குள் பதில் கிடைத்தால் டாக்டரிடம் கேட்க வசதியாக இருக்கும்.