அமோனியா நெடி வந்தால் வெளியில் நிற்பவர் எந்தப் பக்கம் போவது?

கரையோரவாசி:
எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். வீட்டுக்குள் இருப்பவர் கதவைச் சாத்தலாம். மணலில் வலையைப் பிரித்துக்கொண்டோ பஸ் ஸ்டாப்பிலோ இருப்பவர் என்ன செய்வது? அமோனியா காற்றைவிட லேசு, குனிந்து போனால் போதும் என்கிறார்கள். சரியா?

ஆலைப்பாதுகாப்பு:
குனிவதை நம்பாதீங்க. அமோனியா வாயு லேசுதான். ஆனால் குழாயிலும் டேங்கிலும் இருப்பது மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம். அது வெளியே சீறும்போது குளிர்ந்த வெண்மூட்டமாகித் தரையோடு ஊர்ந்து வரும். கசிவது குளோரின் வாயு என்றால், அது எப்போதுமே காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். பள்ளத்திலும் கால்வாயிலும் தேங்கும்.

காற்றுக்குக் குறுக்கே நடங்க, அதுதான் வழி. கடலிலிருந்து நேராகக் காற்று அடிக்கும்போது மேற்கே ஊருக்குள் ஓடினால் வாயுவும் கூடவே வரும். கரையோடு வடக்கிலோ தெற்கிலோ, நெடி குறையும் பக்கமாகப் போங்க. கசிவிடத்தைத் தாண்டிப் போகவேண்டாம். ஒரு பிடி காய்ந்த மணலைத் தூவினால் தரைமட்டக் காற்று எங்கே போகிறதென்று தெரியும். உயரப் புகைபோக்கியின் புகையைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, மேலே காற்று வேறு திசையில் அடிக்கலாம்.

சில நிமிடத்தில் விலக முடியாதென்றால் பக்கத்துக் கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழைந்து, ஜன்னலை மூடி, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, கதவடியில் ஈரத்துண்டு வையுங்கள். மூட்டம் கலைந்தது என்று அதிகாரிகள் சொன்னதும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே வந்துவிடணும். உள்ளே புகுந்த வாயு அங்கேயே நிற்கும்.

கரையோரவாசி:
நன்றி சார். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டால்?

அவசரசிகிச்சைசெவிலி:
அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் விலகி ஓடும் நேரத்துக்குக் கொஞ்சம் உதவும். கண்ணைக் காக்காது. துணி இருக்கிறதே என்று அங்கேயே நின்றுவிடாதீங்க. கசிவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு என்றால் துணியால் பயனில்லை. அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் நின்றது என்று நம்பித் திரும்பிப் போனவர் அங்கேயே விழுவார்.

வெளியே வந்ததும் உடுப்பைக் கழற்றுங்க. சட்டையைத் தலைவழியாக உருவினால் ரசாயனம் முகத்தில் படும், கத்தரியால் வெட்டுங்க. பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியிலேயே வைத்துவிடுங்க. கண்ணைக் கசக்காமல், இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர் விடணும். கான்டாக்ட் லென்ஸ் எளிதில் வந்தால் எடுத்துவிடலாம். எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணீர் எதுவும் ஊற்றாதீங்க, புண் கூடும். திரவ அமோனியா தெறித்துத் துணி தோலோடு உறைந்திருந்தால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர் விட்டு இளகிய பிறகே எடுக்கணும்.

இருமல், இளைப்பு இருந்தால் 108. நிறைய குளோரின் சுவாசித்தவருக்குச் சில மணிநேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம், அதனால் தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பாதீங்க.

ஆலைப்பாதுகாப்பு:
இன்னொன்று. கவிழ்ந்த டேங்கரில் கசிவது எல்பிஜி என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீங்க, மூட்டத்துக்குள் நின்று போனும் பேசாதீங்க. நடந்தே விலகி, தள்ளி நின்று 112-ஐ அழையுங்க. டேங்கரின் ஆரஞ்சுப் பலகையில் உள்ள நான்கு இலக்க எண் தூரத்திலிருந்தே தெரிந்தால் சொல்லுங்க: 1005 அமோனியா, 1017 குளோரின், 1075 எல்பிஜி. அதைப் படிக்கக் கிட்டே போகாதீங்க.