அப்பாவுக்கு எடை குறைந்த வீல்சேர்: எதைப் பார்த்து வாங்குவது?

மதுரை_மகன் கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 72 வயது, எடை 64 கிலோ. போன ஆவணியில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டது. இப்போது வாக்கர் பிடித்து ஹாலிலிருந்து பாத்ரூம் வரை நடக்கிறார், அதற்கு மேல் முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். நான் கோவையில் வேலையில் இருப்பதால் கூட்டிப் போவது அம்மாதான். அவருக்கு 66 வயது, முழங்கால் வலி வேறு.

சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடந்த இரும்பு வீல்சேரை வாங்கி வைத்திருக்கிறோம், 18 கிலோ. அதை மடக்கி டிக்கியில் ஏற்ற அம்மாவால் முடியவே இல்லை. ஒவ்வொரு முறையும் டாக்ஸி டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலர் இறங்கி வந்து ஏற்றுகிறார்கள், சிலர் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிஎன்ஜி வண்டி வந்துவிட்டால் இன்னும் மோசம், டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர்தான்.

ஆன்லைனில் பார்த்தால் நான்கு சக்கரமும் சின்னதாக, அலுமினியத்தில், 'டிரான்ஸ்போர்ட் வீல்சேர்' என்று 9, 10 கிலோவில் வருகிறது. இது போதுமா, இல்லை பெரிய சக்கரம் வைத்ததே வாங்கலாமா? பாத்ரூம் கதவு வேறு குறுகல்.

நெல்லை_பிசியோ:

தம்பி, முதலில் ஒன்று: வீட்டுக்குள்ளே அப்பா இப்போது நடக்கிற அந்த நடையை வீல்சேர் வந்து நிறுத்திவிடக் கூடாது. வெளியே போக மட்டும் என்றால் டிரான்ஸ்போர்ட் மாடல் தாராளமாகப் போதும். பின்சக்கரம் 24 அங்குலம் இருக்கிற மாடல், உட்கார்ந்திருப்பவர் தானே கையால் தள்ளிக்கொள்வதற்கு. அப்பாவுக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது, ஒரு கையால் ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளினால் வண்டி ஒரே இடத்தில் வட்டமடிக்கும். அப்படிப்பட்டவர்கள் நல்ல கையோடு நல்ல காலையும் தரையில் ஊன்றித்தான் நகர்வார்கள், அதற்கு சீட் உயரம் குறைவாக இருக்க வேண்டும். பாதம் முழுசாகத் தரையில் படுகிறதா என்று உட்கார வைத்துப் பாருங்கள்.

அளவு முக்கியம். இடுப்பின் அகலத்தை விட சீட் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். 64 கிலோ ஆளுக்குக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு 18 அங்குலம் எடுத்துக் கொடுப்பார்கள், அதில் அவர் பலவீனமான பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருப்பார். 16 சரியாக வரலாம், டேப் வைத்து அளந்துவிடுங்கள். சீட்டின் நுனிக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

பக்கவாட்டில் கை வைக்கிற ஆர்ம்ரெஸ்ட் மேலே தூக்கிவிடுகிற மாதிரியும், கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் பக்கவாட்டில் திரும்புகிற அல்லது கழற்றுகிற மாதிரியும் இருக்கட்டும். காருக்கு மாற்றும்போது கார் சீட் அவருடைய வலது பக்கம், அதாவது நல்ல பக்கம், வருகிற மாதிரி வீல்சேரை நிறுத்துங்கள். எழும் முன்னால் பிரேக். ஃபுட்ரெஸ்ட் மேல் ஏறி நிற்க விடவே கூடாது, வண்டி முன்னால் குப்புறக் கவிழும்.

செங்கல்பட்டு_அக்கா:

என் மாமியாருக்கு நாலு வருஷமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், அதனால் தள்ளுகிறவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எல்லாரும் உட்காருகிறவரைத்தான் அளக்கிறார்கள். உங்கள் வீட்டில் அம்மாவைத்தான் முதலில் அளக்க வேண்டும். கைப்பிடி அவர் இடுப்பு உயரத்துக்கு வருகிறதா, மடக்கின பிறகு எங்கே பிடித்துத் தூக்குவது, இதெல்லாம் படத்தைப் பார்த்தால் தெரியாது.

விளம்பரத்தில் போட்டிருக்கும் எடையை அப்படியே நம்பாதீர்கள். நான் முதலில் ஆன்லைனில் வாங்கியது 9 கிலோ என்றுதான் இருந்தது, வீட்டுத் தராசில் வைத்தால் 11க்கு மேல். கேட்டால் ஃபுட்ரெஸ்ட் இல்லாமல் அந்த எடையாம். திருப்பி அனுப்பவும் முடியவில்லை, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்ததைக் கடைக்கே போய் வாங்கினேன்.

தள்ளுகிறவர் கைக்கே பிரேக் வேண்டும், சைக்கிள் மாதிரி. சக்கரத்தை மட்டும் பூட்டுகிற மாடலில் சரிவில் வண்டி இழுத்துக்கொண்டு போகும்போது ஒன்றும் செய்ய முடியாது. சரிவில் இறங்கும்போது நீங்கள் முன்னால், வண்டி பின்னால், அதாவது பின்பக்கமாகவே இறக்க வேண்டும். வாசல்படிக்கும் அதே மாதிரி, சின்னச் சக்கரத்தை நேராக முட்டினால் நிலைப்படியில் சிக்கி ஆள் முன்னால் சரிவார். திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் ஏறிவிடும். பின்சக்கரம் 8 அங்குலமும் வருகிறது, 12 அங்குலமும் வருகிறது, நம் ஊர் ரோட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 12.

இன்னொன்று, விழுந்த காலுக்குப் பின்னால் பட்டி இருக்கிறதா பாருங்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் கால் ஃபுட்ரெஸ்டிலிருந்து நழுவிக் கீழே போயிருக்கிறது, அவருக்கு உணர்ச்சி இல்லாததால் சொல்லவும் இல்லை. நான் பத்தடி தள்ளிவிட்டேன். செருப்பு பின்னால் கிடப்பதைப் பார்த்து ஒரு பையன் கத்தின பிறகுதான் தெரிந்தது, கட்டைவிரல் தோல் உரிந்துபோயிருந்தது. அன்றைக்கே பழைய சேலை பார்டரைக் கிழித்துப் பட்டியாகக் கட்டினேன்.

கதவுக்கு: 18 அங்குல சீட், பெரிய சக்கரம் என்றால் மொத்த அகலம் 25 அங்குலம் போல வரும். டிரான்ஸ்போர்ட் மாடலில் மூன்று நாலு அங்குலம் குறையும். கதவைத் திறந்து வைத்து, கதவுப் பலகையின் தடிமன் போக மிச்சம் எவ்வளவு என்று அளக்க வேண்டும், நிலையை மட்டும் அளந்து ஏமாந்துவிடாதீர்கள்.

திண்டுக்கல்_64:

வாங்குவதற்கு முன் சர்ஜிகல் கடையில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இலவசம் வேண்டுமென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம், ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் கனமான மாடல்தான், உங்கள் பிரச்சினையே எடை.

சென்னை ஐஐடி 9 கிலோவில் வீல்சேர் செய்திருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது தானே ஓட்டிக்கொள்கிறவருக்காக உடம்பு அளவெடுத்துச் செய்வது. உங்களுக்கு அது வேண்டாம்.

நெல்லை_பிசியோ:

மறந்துவிட்டேன். துணி சீட் நாளாக ஆகத் தொட்டில் மாதிரி குழியும். இரண்டங்குல மெத்தை போடுங்கள், ஆனால் மெத்தையோடு உட்கார வைத்துத்தான் உயரத்தை அளக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவையாவது இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புண் வரும்.

மதுரை_மகன்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போய் அளந்தேன். பாத்ரூம் கதவில் கிடைக்கிற இடம் 23 அங்குலம்தான். அம்மாவையும் அப்பாவையும் கடைக்கே கூட்டிப் போனேன். கடைக்காரர் என்னிடமே பேசிக்கொண்டிருந்தார், நான் வண்டியை அம்மா கையில் கொடுத்து வெளியே நின்ற டாக்ஸி டிக்கியில் ஏற்றச் சொன்னேன். முதல் மாடலைப் பாதி தூக்கிவிட்டு, முடியாமல் கீழே வைத்துவிட்டார். இரண்டாவது, 16 அங்குல சீட், 12 அங்குலப் பின்சக்கரம், ஃபுட்ரெஸ்டைக் கழற்றித் தனியாக வைத்தபின் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார். அதையே எடுத்தோம். கால் பட்டி அதில் இல்லை, தையல்காரரிடம் வெல்க்ரோ வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, திருச்செந்தூர் போக வேண்டும் என்று அப்பா கேட்கிறார். கடற்கரை மணலில் இந்தச் சக்கரம் போகுமா?

செங்கல்பட்டு_அக்கா:

மணலில் புதைந்துவிடும் தம்பி, நாங்கள் மாமியாரோடு மகாபலிபுரத்தில் பட்டது போதும். கெட்டித் தரை முடிகிற இடத்தில் நிறுத்தி அங்கிருந்தே கடலைக் காட்டுங்கள். தண்ணீரை ஒரு குடத்தில் எடுத்து வந்து காலில் ஊற்றினால் போயிற்று.