கண்ணாடி போடுபவருக்கு எந்த பைனாக்குலர்? 8×42-ஆ, 10×42-ஆ?

பொருநைக்கரை:
வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று நண்பர் ஒருவர் கூந்தன்குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. ஊருக்குள் மரத்தில் கூடு கட்டியிருக்கும் மஞ்சள்மூக்கு நாரையைப் பார்க்க ஒன்றும் வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்தாலே போதும். குளத்து நடுவில் இருக்கும் வரித்தலை வாத்துதான் பிரச்சினை.

அதற்காக ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு 20×50 (20 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) பைனாக்குலர் ஒன்று வாங்கினேன். கையில் பிடித்தால் குளமே ஆடுகிறது. பத்து மணிக்கு மேல் வாத்து உருகி ஓடுவது போலத் தெரிகிறது. கண்ணாடியோடு பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான். கழற்றினால் ஒரே மங்கல். அடுத்த மாதம் வால்பாறை போகிறோம். 12,000 வரை செலவு செய்யலாம். எதை வாங்குவது?

ஏரிக்காத்து:
சார், 10×42 வாங்குங்க. வேடந்தாங்கலில் கரையில் நின்று பார்க்க 8 பத்தாது. நான் நாலு வருஷமா 10 தான் வைத்திருக்கிறேன், கை நடுக்கம் எல்லாம் பழகிவிடும்.

சோலைமந்தி:
தம்பி சொல்வது ஏரிக்குச் சரி, அதுவும் 30 வயதுக் கைக்கு. எனக்கு 54. பொள்ளாச்சியில் இருக்கிறேன், வால்பாறைக்கு அடிக்கடி போகிறவள், பத்து வயதிலிருந்து கண்ணாடி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் 20×50 பழுதில்லை சார். பறவையை 20 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 20 மடங்கு பெரிதாகும், வெயிலில் எழும் கானலும் பெரிதாகும். வாத்து உருகியது அதனால்தான். அத்தனை மடங்கு வேண்டுமென்றால் முக்காலியில் வைக்க வேண்டும், காலை ஏழு மணிக்கே குளக்கரையில் நிற்க வேண்டும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. முன் லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுங்கள். 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர்தான். நல்ல வெயிலில் நம் கண்மணியும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும், சமாளிக்கலாம். சோலைக்குள் விடியற்காலையில் கண்மணி விரிந்து நிற்கும்போது அந்த 2.5 எந்த மூலைக்கு? 10×42 என்றால் 4.2, 8×42 என்றால் 5.25. மரத்துக்கு மரம் தாவுகிற சிட்டைத் துரத்தவும் 8 மடங்குதான் வசதி, ஒரே பார்வையில் அதிக இடம் தெரியும். இருவாச்சி பறந்து போகும்போது 10 மடங்கில் தேடிப் பாருங்கள், வானம்தான் தெரியும்.

கண்ணாடிக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது ஐ ரிலீஃப். கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வரை விட்டால் முழு வட்டமும் தெரியும் என்பதற்கான அளவு அது. 16 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். பின்னால் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கண்ணாடி போடுபவர்கள் உள்ளே திருகி இறக்க வேண்டும், மடிக்கிற மாதிரி இருந்தால் மடித்துவிட வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு வருஷம் சாவித் துவாரம் வழியாக உலகம் பார்த்தேன். கழற்றினால் மங்கல் என்கிறீர்களே, நடுச்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? வெறும் கிட்டப்பார்வை என்றால் அதிலேயே சரியாகிவிடும். சிலிண்டர் பவர் இருந்தால் கண்ணாடியோடு பார்ப்பதுதான் வழி.

கடையில் கையில் எடுத்ததும் கையை நீட்டி, வெளிச்சமான சுவரைப் பார்த்துப் பிடியுங்கள் (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்). பின் லென்ஸில் இரண்டு ஒளிவட்டம் தெரியும். வட்டம் வட்டமாகவே இருந்தால் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே மலிவான பிரிசம். அப்புறம், வலது கண் பக்கம் இருக்கும் டயாப்டர் வளையம், இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்வது. வலது முன் லென்ஸை மூடி, எதிர்க்கடைப் பலகையின் எழுத்தை இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் வேறு யாராவது திருப்பிவிட்டாலும் கவலையில்லை. வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறான், அனுபவத்தில் சொல்கிறேன்.

வாங்கிய பிறகுதான் உண்மையான தொல்லை. என் முதல் பைனாக்குலரை ஐப்பசி மழையில் தோல் உறையோடு பீரோவில் பூட்டினேன். தை மாதம் எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை. பூஞ்சை. தோல் உறை ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறது. பழுது பார்த்துத் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் கொடுத்தேன். பூஞ்சை போயிருந்தது, ஆனால் இரண்டு குழலும் இரண்டு பக்கம் பார்த்தன. ஒரு மைனா இரண்டாகத் தெரியும், பத்து நிமிஷத்தில் தலைவலி. அதோடு அது ஷோகேஸுக்குப் போயிற்று.

இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், உறையில்லாமல். நைட்ரஜன் நிரப்பியது என்று போட்டிருந்தால் வாங்குங்கள், உள்ளே ஆவி படியாது. துடைப்பதற்கு முன்னால் ஊதிவிடுங்கள். வேட்டி நுனியால் துடைத்தால் அதில் இருக்கும் மண்ணே லென்ஸின் மேல்பூச்சைக் கீறிவிடும்.

வால்பாறைக்கு இன்னும் இரண்டு விஷயம். அட்டைக்குக் காலுறை தனியாக விற்கிறது. இல்லாவிட்டால் நெருக்கமான காடாத் துணியில் முழங்கால் வரை பை மாதிரி தையற்காரரிடம் தைத்துக்கொள்ளுங்கள்; பேண்ட் அதற்குள் போக வேண்டும். சாதாரண சாக்ஸின் இழை வழியே அட்டை கடித்துவிடும். தோளில் மாட்டும் பைக்கு வெல்க்ரோ வேண்டாம். சர்ரென்று பிரிக்கும் சத்தத்தில் ஒரு தவளைவாயன் பறவையை நான் இழந்திருக்கிறேன்.

ஏரிக்காத்து:
அக்கா, கழுத்து வார்?

சோலைமந்தி:
நல்ல கேள்வி. கூட வரும் மெல்லிய வார் மதியத்துக்குள் கழுத்தை அறுக்கும். இரண்டு தோளிலும் குறுக்காக மாட்டும் வார் வாங்கு. நான் பேரனின் பழைய புத்தகப் பை வாரை வெட்டித் தைத்து வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம், கழுத்து வலி இல்லை.

பொருநைக்கரை:
அக்கா, நேற்று டவுனில் ஒரு கடைக்குப் போய் நீங்கள் சொன்ன மாதிரி கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முதலில் கொடுத்ததில் வட்டம் சதுரம். இரண்டாவது 8×42, ஐ ரிலீஃப் 17 என்று அட்டையில் போட்டிருந்தது. வளையத்தை இறக்கியதும் முழு வட்டமும் தெரிந்தது. எதிரே கரண்டுக் கம்பியில் ஒரு பஞ்சுருட்டான். அதன் கண்ணைத் தாண்டிப் போகும் கறுப்புக் கோட்டை இப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறேன். 11,300 ஆயிற்று.

ஒரு சந்தேகம். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆனால் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

சோலைமந்தி:
வேண்டாம் சார், ஈரத்தைக் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். சிறு தீயில் சூடாக்கினால் மறுபடி நீலமாகிவிடும். ஆனால் அந்த நீலம் கோபால்ட், உடம்புக்கு ஆகாது. சமையல் வாணலியைத் தொடாதீர்கள், ஒரு பழைய தகர டப்பாவை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.