கலைச்சொல்: சலவை இயந்திர வடிகுழாய்க்கு ‘இணைப்பு’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஸ்டாண்ட்பைப்’ (சலவை இயந்திரத்தின் கழிவுநீரை ஏற்கும் செங்குத்துக் குழாய்) என்பதற்கு ‘வடிகால் இணைப்புக்குழாய்’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். ‘இணைப்பு’ என்று படிப்பவர் டேப் சுற்றுவார், சிலிக்கான் பூசுவார். இந்த இடத்தில் செய்யக்கூடாதது அதுதான். இயந்திரத்திலிருந்து வரும் வடிகுழாய் செங்குத்துக் குழாய்க்குள் 10 முதல் 15 செ.மீ. வரை தொங்கினால் போதும். சுற்றிலும் காற்று போய்வரச் சந்து வேண்டும். அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் பம்பு நின்ற பிறகும் நீர் இழுபட்டு ஓடக்கூடும். அந்த வேகம், கழிவுக்குழாய்க் காற்றைத் தடுக்கக் குழாயின் கீழ்வளைவில் நிற்கும் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கழிவுக்குழாய் அடைபட்டாலோ அழுக்குநீர் இயந்திரத்தின் தொட்டிக்கே திரும்பலாம்.

‘நிலைக்குழாய்’ என்றால் தெருக்குழாய் நினைவுக்கு வருகிறது. ‘ஏற்புவாய்’ எனலாமா? மடைவாய், கிணற்றுவாய் போல, வாய் என்றாலே திறந்திருப்பது.

மறுமொழி:

ஐயா, ‘ஏற்புவாய்’ நல்ல சொல். ஆனால் அது மேல்முனையை மட்டுமே காட்டுகிறது. குழாயின் உயரமும் முக்கியம்: பெரும்பாலும் தரையிலிருந்து 60 முதல் 90 செ.மீ. அதைவிடத் தாழ்ந்தால் தொட்டி நிரம்பும்போதே நீர் வடியத் தொடங்கும். இயந்திரம் நீரை எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே முழுக் குழாய்க்கு ‘ஏற்புக்குழாய்’, திறந்த முனைக்கு ‘ஏற்புவாய்’ என்று பிரிப்போம். உள்விட்டம் 40 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் ஏற்புக்குழாய் கிடையாது. வடிகுழாய் நேரே ‘ஃப்ளோர் ட்ராப்’புக்கு, அதாவது அடியில் நீர் தேங்கும் வளைவுள்ள தரை வடிகால் துளைக்குப் போகிறது. அங்கே குழாயை இயந்திரத்தின் பின்புறம் உயர வளைத்துக் கட்டி, முனையைத் துளைமூடிக்கு மேலேயே நிறுத்த வேண்டும். மூடியைத் தூக்கி உள்ளே திணித்தால் முனை தேங்கிய நீரில் மூழ்கும், பஞ்சும் நூலும் அங்கேயே சிக்கும். மூடியை அடிக்கடி கழுவுவது அவசியம். புதிதாகக் கழிவுக்குழாய் போடுவதானால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரிடமே விட வேண்டும்.

மறுமொழி:

பிரிப்பது சரி. ‘வாட்டர் சீல்’ (ட்ராப்பின் வளைவில் தேங்கி நிற்கும் நீர்) என்பதற்கு யாரோ எழுதிவைத்த ‘நீரடைப்பு’ எனக்கு உறுத்துகிறது. இங்கே அடைப்பு என்றால் குழாய் அடைத்துக்கொண்டது என்றே பொருள். கேட்டவர் கம்பியை எடுத்துக் குத்தத் தொடங்குவார்! அது காக்க வேண்டிய நீர். குறைந்தது 50 மி.மீ. ஆழம் நின்றால்தான் கழிவுக்குழாய்க் காற்று வீட்டுக்குள் வராது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் பரவியதற்கு வறண்டுபோன தரை ட்ராப்புகளும் ஒரு காரணமாகக் கருதப்பட்டன. பயன்படுத்தாத ட்ராப்பில் அவ்வப்போது நீர் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

‘நீர்ப்பூட்டு’ என்று வைக்கலாம். ட்ராப்புக்குப் ‘பொறி’ வேண்டாம், எலிப்பொறியாகிவிடும். ‘பூட்டுவளைவு’ என்றால் வேலையும் வடிவமும் சேர்ந்தே தெரிகின்றன. தரையில் இருப்பது ‘தரைப் பூட்டுவளைவு’. பட்டியலில் பக்கத்திலேயே ‘ட்ராப்’ என்றும் இருக்கட்டும். பிளம்பரிடம் அந்தச் சொல்தான் செல்லும்.