பிண்டாரி பனியாறு: ஜீரோ பாயிண்ட் விளிம்பில்

பிண்டாரி பனியாற்றைப் பார்க்கப் போகிறவர்கள் புர்க்கியா விடுதியிலிருந்து இருட்டோடு கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏற மேகமும் ஏறிவந்து, நந்தா கோட் சிகரத்தை மூடிவிடும்.

உத்தராகண்டில் பாகேஷ்வரைத் தாண்டி, காத்திதான் கடைசி ஊர். அப்புறம் த்வாலி, பிண்டர் ஆறும் கஃப்னி ஆறும் கூடுமிடம். 2013 ஜூன் வெள்ளத்தில் பாலங்களும் பாதையும் அடித்துக்கொண்டு போன இடம் அது. புர்க்கியாவுக்கு மேலே மரங்கள் குறைந்து புல்வெளி தொடங்குகிறது. 'புக்யால்' என்கிறார்கள். கோடையில் ஆடுகள் அங்கேதான் மேயும்.

ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில், நடைபாதை முடியும் இடம்தான் ஜீரோ பாயிண்ட். புல்வெளி அங்கே சட்டென்று அறுந்து செங்குத்தாக இறங்குகிறது. "ஓரத்துக்குப் போகாதீங்க சார், அடியில மண் இல்ல" என்று கைடு தடுத்தார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, சற்றுத் தள்ளி சரளை சரிந்து விழுந்தது.

கீழே சாம்பல் நிறக் கல்லும் மண்ணும்தான். பனியாறு எங்கே என்று கேட்டேன். வெகு தூரத்தில், சிகரங்களுக்கு நடுவே வெடிப்பு வெடிப்பாகத் தொங்கிய பனியைக் காட்டினார். அதற்கு மேலேதான் டிரெயில் கணவாய். இந்தக் குமாவுன் மலைப்பகுதியை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி டிரெயில், 1830-இல் உள்ளூர்க்காரர்கள் துணையோடு அந்தப் பக்கம் போனதால் வந்த பெயர்.

எல்லோரும் சிகரத்தையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் அந்தச் சரிவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஆறு கொண்டுவந்த மண் என்றால் கல் தனி, மணல் தனி என்று அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். இங்கே ஆள் உயரப் பாறையும் கூழாங்கல்லும் மாவு போன்ற தூளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பனியாறு என்பது மெல்ல நகரும் பனி, அது தரம் பிரிக்காது. பாறையை அரைத்து, தள்ளி, ஓரத்தில் குவித்துவிட்டுப் போகும். கீழே ஓடும் பிண்டர் கலங்கலாக இருப்பதும் அந்தத் தூளால்தான்.

அப்படிக் குவிந்த கரையின் மேல்தான் நாங்கள் நின்றோம். அப்படியென்றால் ஒரு காலத்தில் பனி அந்த உயரம் வரை நிறைந்திருக்க வேண்டும்! உள்ளிருந்து முட்டுக்கொடுத்த பனி போய்விட்டதால்தான் கரை இப்போது சரிகிறது. எவ்வளவு போயிருக்கிறது என்பது அங்கே நின்று குனிந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மனசு ரொம்பக் கனத்துப்போனது.

உங்களில் யாராவது இருபது, முப்பது வருடங்களுக்கு முன்பு போயிருந்தால், அப்போது பனி எதுவரை இருந்தது, விளிம்பு எங்கே இருந்தது என்று எழுதுங்கள். பழைய படம் இருந்தால் அதையும் போடுங்கள்.