பதில்: சமூகப் பங்கேற்பை அளக்க ஒரு சொல் – ‘சொல்லெடுபாடு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கம்பனிகள் ஊருக்குள் நடத்தும் சூழல் திட்டங்களில் மக்களின் பங்கேற்பை அளப்பதற்கு, நம் கையேட்டில் என்ன சொல்லைப் போடலாம் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தோம். இதுவரை வந்தவற்றில் மூன்று: பங்கேற்பு வீதம், பங்குபற்றல் சுட்டி, ஈடுபாட்டுக் குறிகாட்டி. மூன்றும் நல்ல தமிழ். ஆனால் மூன்றையும் கேட்டவுடன் மனதில் வருவது எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குத்தான். என் தயக்கம் அங்கேதான்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குளத்தடி ஊர். கம்பனி ஒன்றின் மரநடுகைக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்தேன். குறித்த நாள் யூன் 5, உலகச் சுற்றாடல் தினம். அதற்கு முதல் கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். மாதர் சங்கத்து அம்மா ஒருவர் எழும்பிச் சொன்னார்: “இப்ப சோளகம் அடிக்குது தம்பி. இந்தக் காத்துக்குக் கன்று நிக்காது. ஐப்பசி மழை விழ வையுங்கோ, நாங்களே பாத்துக்கொள்ளுறம்.” சோளகம் தென்மேற்குக் காற்று; வன்னிக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று, யூனில் நிலம் வெடித்துக் கிடக்கும். கன்று வைக்கப் பார்த்த இடம் மாடுகள் தண்ணிக்கு இறங்கும் வழி என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் கூட்ட அறிக்கையில் எழுதினார்கள். நாளும் மாறவில்லை, இடமும் மாறவில்லை. ஆவணிக்குள் கன்றுகள் கருகிவிட்டன. மிஞ்சியதை மாடு மிதித்தது. ஆண்டறிக்கையில் மட்டும், வரவு இடாப்பில் கிடந்த கையெழுத்துகளை எண்ணி ‘சமூகப் பங்கேற்பு’ என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைத் தமிழாக்கியவன் நான். அது இன்னும் உறுத்துகிறது.

பிறகொரு நாள் அந்த அம்மாவைச் சந்தையில் கண்டேன். “நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள்தானே தம்பி. எங்கட சொல்லுத்தான் எடுபடேல்லை” என்றார். நான் முன்வைக்கும் சொல் அவர் வாயிலிருந்து எடுத்தது.

ஈடுபடு – ஈடுபாடு, உடன்படு – உடன்பாடு, வெளிப்படு – வெளிப்பாடு. அந்த வழியிலேயே எடுபடு – எடுபாடு. தனியே நின்றால் தெளிவு போதாது, ஆகவே ‘சொல்லெடுபாடு’: மக்கள் சொன்னவற்றில் எவ்வளவு, திட்டத்தை உண்மையில் மாற்றியது என்பது. எண்ணாகத் தரும்போது ‘சொல்லெடுபாட்டு வீதம்’.

வருவதற்கும் சொல் எடுபடுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு புதிதல்ல. அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் செரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். தகவல் சொல்லுதல் 3ஆம் படி, கருத்துக் கேட்டல் 4ஆம் படி. இரண்டையுமே ஒப்புக்குச் செய்பவை என்ற பிரிவில்தான் வைத்தார். அதிகாரம் பகிரப்படத் தொடங்குவது 6ஆம் படியான கூட்டாண்மையில். இடாப்பின் கணக்கோ எந்தப் படியிலும் ஒரே எண்ணைக் காட்டும். கம்பனிகள் தங்கள் அறிக்கைகளுக்குப் பின்பற்றும் ஜி.ஆர்.ஐ. (உலகளாவிய அறிக்கையிடல் முன்னெடுப்பு) அமைப்பின், உள்ளூர்ச் சமூகங்கள் பற்றிய 413 தரநிலையும் சமூக ஈடுபாட்டுத் திட்டங்கள் உள்ள செயலிடங்கள் எத்தனை விழுக்காடு என்று கேட்கிறது. அந்த விழுக்காட்டில் அந்த அம்மாவின் சொல் எங்கே இருக்கிறது?

அந்த மூன்றைத் தவிர, சென்னையிலிருந்து எழுதிய ஐயா ‘முடிவுப்பங்கு’ என்றார், அதாவது முடிவெடுப்பதில் மக்களுக்குள்ள பங்கு. பொருள் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் கம்பனி அறிக்கையில் ‘பங்கு’ என்றால் வாசிப்பவருக்குப் பங்குச்சந்தைதான் முதலில் தோன்றும். முதல் போட்டவரும் பங்குதாரர், திட்டத்தால் பாதிக்கப்படுபவரும் பங்குதாரர் என்று ஏற்கெனவே ஒரே பக்கத்தில் இடறிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு பங்கு வேண்டாம் ஐயா.

வவுனியா அக்கா கேட்டது கடினமான கேள்வி: மக்கள் சொல்வதை எண்ணினால், எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடையா? இல்லை அக்கா. பந்தலை நிழலில் போடச் சொன்னதை ஏற்று, நடும் மாதத்தை மாற்றாமல் விட்டால், இரண்டில் ஒன்று எடுபட்டது என்று கணக்கு வரும். இதற்கு நம்மிடமே ஒரு அளவுகோல் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் (கோடைகால நெற்செய்கைக்கான) கூட்டத்தில் கமக்காரர் வாதாடுவது எதற்கு? எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் தண்ணி திறப்பது, எப்போது மறிப்பது. அதுபோல எங்கே, எப்போது, எது, யார் பராமரிப்பது, காசு யார் கையில் என்ற ஐந்தைப் பற்றிய சொற்களை மட்டும் வரைவிலக்கணத்துக்குள் எடுப்போம். சொன்னவர் யார் என்பதும் கூடவே பதியப்பட வேண்டும். காணி உள்ளவரின் சொல் மட்டும் எடுபட்டு, கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் சொல் விடுபட்டால் மொத்த வீதம் அதை மறைத்துவிடும்.

வரவையும் உழைப்பையும் எண்ணும் இடத்தில் ‘பங்குபற்றல்’ அப்படியே இருக்கட்டும். அதை நீக்கச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை கையேட்டின் வரைவைக் கொடுக்க வேண்டும். அதற்குள் ‘சொல்லெடுபாடு’ என்பதை வைத்து ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் ‘எடுபடுதல்’ வேறு பொருளில் வழங்கினால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து